கர்ப்பகால நீரிழிவும் பரம்பரை நீரிழிவுக்கான மரபணுப் பரிசோதனையும்: சிங்கப்பூர்த் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய்மார்களுக்கு விரல்நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் தாதியாக நான் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். கருவியைப் பற்றிய சந்தேகங்கள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் பேச்சு குடும்பத்தைச் சுற்றியே ஓடும். யாருக்கு இருந்தது, யார் வழியாக வந்தது, பிள்ளைக்கும் போகுமா என்று கேட்பார்கள். அண்மைக் காலமாக இவற்றோடு "ஜீன் டெஸ்ட்" என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. ஒரே கேள்விக்கு ஒரே நாளில் மூன்று முறை பதில் சொன்ன பிறகுதான் இவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

டாக்டர் "கர்ப்பகால சுகர்"னு சொன்னார். அது சாதாரண சுகரா, வேற சுகரா?

கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் அதை ஈடுகட்ட இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். அப்படிச் சமாளிக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. அதைத்தான் கர்ப்பகால நீரிழிவு என்கிறோம். சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது.

இதைக் கண்டறிய 24 முதல் 28 வாரத்துக்குள், இரவு முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து, மூன்று முறை ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரம் கழித்து 10.0, இரண்டு மணி நேரம் கழித்து 8.5 மில்லிமோல் என்பவை எல்லைகள். இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு என்று பெயர் வைக்கப்படும். அந்த மூன்று எண்கள் உள்ள தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

எங்க வீட்ல பாட்டி, அம்மா, ரெண்டு மாமா எல்லாருக்கும் சுகர். அப்போ எனக்கு வந்தது பரம்பரை தானே?

"பரம்பரை" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருள்களில் பயன்படுத்துகிறோம். முதல் பொருளில், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு சிறு பங்கு சேர்க்க, உணவும் எடையும் உடலுழைப்பின்மையும் மேலும் தூக்கிவிட, ஒருவருக்கு நீரிழிவு வருகிறது. இரண்டாம் வகை நீரிழிவு இப்படித்தான் வருகிறது. கர்ப்பகால நீரிழிவிலும் பெரும்பகுதி இதைச் சேர்ந்ததே. இதைக் குடும்பத்தில் ஓடும் போக்கு என்று சொல்வது பொருந்தும்.

இரண்டாவது பொருள் கண்டிப்பானது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு திரிபு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்து, அது மட்டுமே நீரிழிவை உண்டாக்கும். அத்தகைய திரிபு உள்ள தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு. மரபணுப் பரிசோதனை தேடுவது இந்த ஒற்றை மரபணு நீரிழிவைத்தான்.

தமிழ்க் குடும்பங்களில் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், குடும்பத்தில் ஓடும் போக்காக வரும் நீரிழிவு நம்மிடையே அவ்வளவு பரவலாக இருப்பதே. பாட்டிக்குச் சுகர் என்று கேட்டால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. ஒற்றை மரபணு நீரிழிவு அந்தக் கூட்டத்துக்குள் கலந்து, தலைமுறை தலைமுறையாக ஒளிந்துகொண்டுவிடுகிறது. ஆகவே "எல்லாருக்கும் சுகர்" என்பதைவிட, யாருக்கு எந்த வயதில் தொடங்கியது, அப்போது அவர் எப்படி இருந்தார் என்பதே முக்கியமான செய்தி. அறுபது வயதில் பருமனான பாட்டிக்கு வந்தது ஒன்று. இருபத்திரண்டு வயதில் ஒல்லியான மாமாவுக்கு வந்தது முற்றிலும் வேறு.

அந்த ஒற்றை மரபணு சுகருக்குப் பேர் "மோடி"ன்னு ஒருத்தர் சொன்னாங்க. நிஜமாவா?

நிஜம்தான். இளவயதில் தொடங்கும், ஆனால் முதியவர்களுக்கு வருவதைப் போல மெதுவாகப் போகும் நீரிழிவு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் நான்கு முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி ஒலிக்கின்றன. பெயர் 1970களில் வைக்கப்பட்டது. அரசியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைச் சிரிக்காமல் சொல்ல நானும் பழகிக்கொண்டேன். அதற்குக் காரணமான மரபணுக்கள் 1990களில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

எத்தனையோ ஜீன் சொல்றாங்க. கர்ப்பிணிக்கு எது முக்கியம்?

பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் பட்டியலில் இருந்தாலும், பிரசவ வார்டில் முடிவுகளை மாற்றக்கூடியவை சில மட்டுமே. முதலாவது ஜிசிகே. குளுக்கோகைனேஸ் என்ற நொதியை உண்டாக்கும் இந்த மரபணு, கணையத்துக்குச் சர்க்கரை அளவை உணர்த்தும் கருவி போன்றது. வீட்டு ஏர்கானை 25 டிகிரியில் வைப்பதற்குப் பதிலாக யாரோ 27 டிகிரியில் வைத்துவிட்டதைப் போல நினைத்துக்கொள்ளலாம்: இயந்திரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, வைத்த அளவு மட்டும் சற்று உயரம். இவர்களுக்கு வெறும் வயிற்று அளவு பிறந்ததிலிருந்தே ஏறத்தாழ 5.4 முதல் 8.3 மில்லிமோல் வரை இருக்கும். வயது ஏறினாலும் பெரிதாக ஏறாது. இரண்டாவதும் மூன்றாவதும் எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ. இவற்றில் இன்சுலின் சுரப்பே ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகும். கவனிக்காவிட்டால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை மற்ற நீரிழிவில் கெடுவதைப் போலவே கெடும்.

நான்காவதான எச்என்எஃப்1பி திரிபு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளோ கருப்பையின் அமைப்பில் மாறுபாடோ இருக்கலாம். இவற்றோடு சேராத இன்னொன்றும் உண்டு: உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏற்படும் திரிபு. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும். நீரிழிவோடு இளவயதிலேயே காது மந்தமும் வரும். அம்மாவுக்கும் சித்திக்கும் நாற்பது வயதிலேயே காதுக்கருவி என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அது நீரிழிவோடு தொடர்பில்லாத செய்தி என்று நினைத்து விட்டுவிடுபவர்களே அதிகம்.

அவ்வளவு முக்கியம்னா, எல்லா கர்ப்பிணிக்கும் ஏன் எடுக்கலை?

ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடையே நடந்த ஆய்வுகளில், கர்ப்பகால நீரிழிவு உள்ள நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே ஜிசிகே திரிபு இருந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் ஊரில் அத்தனை பேருக்கும் எடுத்தால், பெரும்பாலோருக்கு "ஒன்றுமில்லை" என்ற தாளும், சிலருக்குப் பொருள் புரியாத முடிவால் உண்டாகும் கவலையும்தான் மிஞ்சும். அதனால் முதலில் சந்தேகத்துக்கு இடமுள்ளவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் எடுப்பதே நடைமுறை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் குரோமோசோம் குறைகளுக்காகத் தாயின் ரத்தத்தில் செய்யும் பரிசோதனை வேறு. அதில் "நார்மல்" என்று வந்தால் இதற்கும் சேர்த்து வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

என் ரிப்போர்ட்டைப் பார்த்தே இது அந்த வகைன்னு சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகப்பட முடியும். ஒரே காலையில் என் மேசைக்கு வரக்கூடிய இரண்டு தாள்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் தாளில் 4.8, 10.9, 9.1. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, குடித்த பின் பாய்ந்து ஏறியிருக்கிறது. நம் இனத்துப் பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் வடிவம் இது. இரண்டாவது தாளில் 6.1, 8.9, 8.2. தொடக்கமே உயரம், ஆனால் 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போன பிறகும் இரண்டு மணி நேரத்தில் ஏறியது 2.1 மட்டும். தொடக்கத்துக்கும் இரண்டாவது மணிக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமோலுக்கும் குறைவாக இருப்பது ஜிசிகே திரிபின் அடையாளங்களில் ஒன்று. இந்தத் தாளைப் பார்த்தால் நான் எண்களை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்குவேன்.

கேட்பது இவற்றை: கர்ப்பத்துக்கு முன்பே, வேலைக்குச் சேரும்போதோ வேறு காரணத்துக்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் "எல்லைக்கோட்டில் இருக்கிறது" என்று யாராவது சொன்னார்களா? முந்தைய பிரசவங்களிலும் இதே போன்ற எண்கள்தாமா? பெற்றோரில் ஒருவருக்கு, பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்தும் எடுக்காமலும், அளவு ஒரே மாதிரி நிற்கிறதா? சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு மூன்று தலைமுறையை வரைந்து, நோய் வந்தவர்களைக் கறுப்பாக்கி, பக்கத்தில் வயதை எழுதுவேன். கறுப்பு வடிவங்கள் தலைமுறை தவறாமல் ஒரு பக்கத்திலேயே நேராக இறங்கி, வயதுகளும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தால், அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். வீட்டில் நீங்களும் இதை வரையலாம். அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு "எந்த வயசுல?" என்று கேட்டால் போதும், பதில் பெரும்பாலும் "நீ பிறந்தப்போ" என்றோ "அப்பாவுக்கு வேலை மாறினப்போ" என்றோ வரும், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒல்லியா இருக்கிறவங்களுக்குத்தான் இந்த டெஸ்ட்னு சொல்றாங்களே?

2014-இல் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பத்துக்கு முன் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 25-க்குக் கீழும் வெறும் வயிற்று அளவு 5.5-க்குக் குறையாமலும் உள்ள பெண்களுக்கு ஜிசிகே பரிசோதனை செய்யலாம் என்ற எளிய வடிகட்டியை முன்வைத்தது. அந்த வடிகட்டி ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்து உருவானது. அவர்களிடையேகூட, திரிபு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத்தான் அது பிடித்தது. சிங்கப்பூரில் 23-லிருந்தே எடை கூடுதல் என்று கணக்கிடப்படுகிறது. மெலிந்த உடலிலும் இரண்டாம் வகை நீரிழிவு நம்மிடையே சாதாரணமாக வருகிறது. எடை கூடிய ஒருவருக்கு இந்தத் திரிபு இருக்கவும் தடையில்லை. எனவே எடையை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

நம் இனத்தாரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் கிடைக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ள கர்ப்பிணிகளிடம் ஜிசிகேயோடு நில்லாமல் பல மரபணுக்களைச் சேர்த்துத் தேடி 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்த வகை நீரிழிவின் மரபணுக்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. இவை சந்தேகத்துக்குரியவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழுக்கள் என்பதால், அவற்றில் வரும் சதவீதத்தை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொருத்திப் பார்ப்பது தவறு.

சோத்தைக் குறைச்சேன், தினமும் நடந்தேன். காலை அளவு மட்டும் இறங்கவே இல்ல. தப்பு என் மேலயா?

இல்லை. வெறும் வயிற்று அளவை நிர்ணயிப்பது முந்தைய இரவு சாப்பிட்ட சோற்றைவிட, விடியற்காலையில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையும் கணையத்தின் பதிலும்தான். சாதாரணக் கர்ப்பகால நீரிழிவிலும் உணவுக்குப் பிந்தைய அளவுகள் அடங்கிய பிறகு காலை அளவு மட்டும் பிடிவாதம் பிடிப்பது உண்டு. அதற்காகவே இரவில் இன்சுலின் கொடுக்கிறார்கள். ஜிசிகே திரிபு உள்ளவர்களிடம் அந்தப் பிடிவாதம் இன்னும் கடுமை, ஏனெனில் மேலே சொன்ன ஏர்கான் உதாரணத்தைப் போல, குறைக்கக் குறைக்க உடலே அதைப் பழைய இடத்துக்குத் தள்ளும். ஒரு தாய் பிடிவாதமாக இரவு உணவையே விட்டுவிட்டு வந்திருந்தார். எண் மாறவில்லை, அவர்தான் வாடியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

டெஸ்ட் எப்படி எடுப்பாங்க? வயித்துல ஊசி குத்துவாங்களா?

கையில் இருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் போதும். பட்டினி இருக்க வேண்டியதில்லை; கர்ப்பமோ மருந்தோ முடிவை மாற்றாது; மரபணு மாறாததால் ஒரே பரிசோதனையைத் திரும்ப எடுக்கவும் தேவையில்லை. ஆய்வகத்தில் பல மரபணுக்களை ஒரே சமயத்தில் படிப்பார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதற்கு முன், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வரும் முதலாம் வகை நீரிழிவு இல்லை என்று உறுதிசெய்ய எதிர்ப்பொருள் பரிசோதனையை மருத்துவர் எழுதக்கூடும். பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகர் உங்களோடு பேசி, எந்த முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை விளக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குக் கணவரையோ அம்மாவையோ அழைத்துச் செல்லுங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

28 வாரத்துல கண்டுபிடிச்சு, முடிவு வர்றதுக்குள்ள பிள்ளையே பிறந்திடும் போலிருக்கு. அப்புறம் எதுக்கு?

நியாயமான கேள்வி. முடிவு வரும்வரை மருத்துவர்கள் கை கட்டிக்கொண்டு இருப்பதில்லை; சர்க்கரை எண்களையும் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியையும் வைத்துச் சிகிச்சை நடக்கும். முடிவு பிரசவத்துக்குப் பிறகு வந்தாலும், அதன் பயன் அடுத்த கர்ப்பத்துக்கும், இந்தப் பிள்ளைக்கும், பல ஆண்டுகளாகத் தேவையற்ற மருந்து எடுத்துவரும் உங்கள் அம்மாவுக்கும் போகும். ஆனால் முடிவால் எதுவுமே மாறப்போவதில்லை என்று மருத்துவர் கருதினால், பிரசவத்துக்குப் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதிலும் தவறில்லை.

ஜிசிகேன்னு வந்திட்டா இன்சுலினே வேண்டாமா?

கர்ப்பம் இல்லாத காலத்தில் பெரும்பாலும் எந்த மருந்தும் வேண்டாம். 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, சுமார் 49 ஆண்டுகள் இந்த லேசான உயர்வோடு வாழ்ந்தவர்களிடமும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் பெரிய சிக்கல்கள் மிகக் குறைவு என்று காட்டியது. ஆனால் கர்ப்பம் வேறு கதை, ஏனென்றால் இங்கே இரண்டு பேரின் மரபணுக்கள் சம்பந்தப்படுகின்றன.

தாய்க்குத் திரிபு இருந்து குழந்தைக்கு வராவிட்டால், தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை குழந்தையின் கணையத்துக்கு அதிகமாகத் தெரியும். அது இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, குழந்தை சராசரியைவிட 550 முதல் 700 கிராம் வரை எடை கூடிப் பிறக்கலாம். குழந்தைக்கும் அதே திரிபு வந்திருந்தால், தாயின் அளவே அதற்கும் சரியான அளவாகப் படும். எடை இயல்பாக இருக்கும். இந்த இரண்டாவது நிலையில் தாயின் அளவை இன்சுலினால் அழுத்திக் குறைத்தால் குழந்தை தேவைக்கும் குறைவாக வளரக்கூடும். ஒரே மருந்து ஒரு குழந்தைக்கு நல்லது, இன்னொரு குழந்தைக்குக் கெடுதல். இந்தப் பரிசோதனையை வெறும் ஆர்வத்துக்காக எடுக்கும் ஒன்றாக நான் நினைக்காததற்கு இதுவே காரணம்.

குழந்தைக்கு வந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? இதற்காக மட்டும் பனிக்குட நீர் எடுப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் குழந்தையின் மரபணுத் துணுக்குகளிலிருந்தே கண்டறியும் முறை பிரிட்டனில் உருவாக்கப்பட்டிருக்கிறது. மற்றபடி, 26 வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு அதே வாரத்துக் குழந்தைகளில் பெரிய 25 சதவீதத்தினரின் அளவுக்குப் போகிறதா என்று பார்த்து, போனால் இன்சுலின் தொடங்குவது வழக்கம்.

மத்த ஜீன்ல வந்தா மருந்து மாறுமா?

மாறும். எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ உள்ளவர்களுக்கு கிளிக்கிளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் சிறு அளவிலேயே நன்றாக வேலை செய்யும். பல ஆண்டுகள் ஊசி போட்டுக்கொண்டிருந்த சிலர் மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் இந்த வகை மாத்திரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடையக் கூடியது என்பதால், கர்ப்ப காலத்தில் எப்போது இன்சுலினுக்கு மாறுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

எச்என்எஃப்4ஏ திரிபு குழந்தைக்கும் வந்திருந்தால், பிறப்பு எடை சராசரியாக 790 கிராம் கூடுகிறது. பிறந்த பின் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். எனவே பிறந்த குழந்தையை முதல் 48 மணி நேரமாவது நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியத் திரிபு உள்ளவர்களுக்கு, கர்ப்பகால நீரிழிவில் வழக்கமாகத் தரப்படும் மெட்ஃபார்மினைத் தவிர்ப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் இந்த ஜீன், எனக்கு சுகரே இல்ல. நான் எதுக்குக் கவலைப்படணும்?

கவலை வேண்டாம், தகவல் வேண்டும். தந்தையிடமிருந்து ஜிசிகே திரிபைப் பெற்ற குழந்தை, தாயின் சர்க்கரை இயல்பாக இருந்தால், சுமார் 500 கிராம் எடை குறைந்து பிறக்கலாம். தந்தையின் எச்என்எஃப்4ஏ மேலே சொன்னபடியே எடையைக் கூட்டும். ஆகவே பிரசவக் குறிப்பேட்டில் கணவர் பக்கத்து விவரமும் இருக்க வேண்டும். "உங்க பக்கமா, எங்க பக்கமா" என்று மாமியார் வீட்டில் எழும் வழக்குக்கு இந்தப் பரிசோதனை தீர்ப்பு சொல்லும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக இதை எடுப்பதும் இல்லை.

நாங்க சொந்தத்துல, அத்தை மகனைக் கட்டினேன். அதனாலதான் வந்ததா?

இல்லை. இந்தத் திரிபு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும் என்பதால், உறவுத் திருமணம் இதற்குக் காரணமாகாது. ஆனால் ஒரே குடும்பத்து ஜிசிகே திரிபு கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பக்கமும் சேர்ந்து வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் நோய் லேசானதாக இருக்காது. பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ நிரந்தர நீரிழிவு தொடங்கி, வாழ்நாள் முழுவதும் இன்சுலின் தேவைப்படும். எனவே உறவில் மணந்தவர்களில் ஒருவருக்கு ஜிசிகே என்று தெரிந்தால், மற்றவருடைய வெறும் வயிற்று அளவையும் உடனே பார்க்க வேண்டும். உறவுமுறையைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவருக்கு அது ஒரு கோடு, அவ்வளவுதான். வரைபடத்தில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

முடிவு "பொருள் தெளிவில்லாத திரிபு"ன்னு வந்திருக்கு. இருக்கா இல்லையா?

இப்போதைக்கு "இல்லை" என்பதைப் போலவே நடத்த வேண்டும். அதை வைத்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ கூடாது. ஒரு மாற்றம் நோயை உண்டாக்குமா என்று தீர்மானிக்க, நோயற்ற ஏராளமானோரின் மரபணுக்களோடு ஒப்பிட வேண்டும். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர்களே அதிகம் என்பதால், நம் இனத்தில் சாதாரணமாக உள்ள மாற்றங்கள்கூட அரிதானவையாகத் தோன்றி இந்தப் பெட்டிக்குள் விழுகின்றன. நீரிழிவு உள்ள, இல்லாத உறவினர்களைப் பரிசோதித்தால் சில சமயம் தெளிவு பிறக்கும். ஓரிரு ஆண்டுகள் கழித்து வகைப்பாடு மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். "ஒன்றும் காணவில்லை" என்ற முடிவும், தேடிய மரபணுக்களில் காணவில்லை என்ற பொருளைத்தான் தரும்.

பிள்ளைக்கும் உடனே பார்த்திடணுமா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. ஜிசிகே என்றால் அவசரமில்லை. ஆனால் தெரிந்து வைத்தால், பின்னாளில் பள்ளிப் பருவத்தில் தற்செயலாக 6.2 என்று வந்து, முதலாம் வகை என்று பயந்து ஊசி தொடங்குவதைத் தவிர்க்கலாம். எச்என்எஃப்4ஏ என்றால் மேலே சொன்ன காரணத்துக்காகத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்ப்பது பயன் தரும். எச்என்எஃப்1ஏ பொதுவாக வளரிளம் பருவத்துக்குப் பிறகே வெளிப்படுவதால், பிள்ளை வளர்ந்து தானே பேச்சில் பங்கெடுக்கும்வரை காத்திருப்பதைப் பலரும் விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

செலவு எவ்வளவு? இன்ஷூரன்ஸ் போயிடுமா?

கட்டணம் எத்தனை மரபணுக்கள் என்பதையும் எந்த ஆய்வகம் என்பதையும் பொறுத்து மாறும்; மானியமோ உங்கள் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதியைப் பொறுத்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கடையிலோ இணையத்திலோ விற்கும் எச்சில் பரிசோதனைப் பெட்டிகளை இதற்குப் பதிலாகக் கொள்ள வேண்டாம்.

காப்புறுதியைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதன்படி, காப்புறுதி நிறுவனம் யாரையும் மரபணுப் பரிசோதனை எடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. அறிகுறி இல்லாதவர் வருமுன் அறிய எடுத்த பரிசோதனையின் முடிவை, பெயர் குறிப்பிட்ட ஒருசில நோய்களுக்கான மிகப்பெரிய தொகைகளைத் தவிர, பயன்படுத்தவும் முடியாது. அந்த விதிவிலக்கில் நீரிழிவு மரபணுக்கள் இல்லை. ஆனால் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு நோயின் வகையை அறிய எடுக்கும் பரிசோதனை வேறு கணக்கு. அங்கே நோயே மருத்துவப் பதிவில் இருக்கிறது. நீரிழிவு இல்லாத உங்கள் தம்பிக்கும், நீரிழிவு உள்ள உங்களுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். கையெழுத்திடும் முன் முகவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். இதை அவகிட்ட சொல்லணுமா?

அவரிடம் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். ஊரிடம் சொல்ல வேண்டியதில்லை. முடிவு உங்களுடையது, உங்கள் ஒப்புதல் இல்லாமல் மருத்துவமனை அவரிடம் சொல்லாது. ஆனால் உங்களுக்குத் திரிபு இருந்தால் தங்கைக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. எச்என்எஃப்1ஏ வகையாக இருந்து அவர் அறியாமலேயே கர்ப்பமடைந்தால், முதல் வாரங்களில் உயர்ந்திருக்கும் சர்க்கரை கருவைப் பாதிக்கக்கூடும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், உறவினரிடம் கொடுப்பதற்கென்றே மரபணு ஆலோசகர் ஒரு கடிதம் எழுதித் தருவார். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, வரன் பேச்சுக்கு வெளியே, தனியாகப் பேசுங்கள்.

டெஸ்ட் எதுவும் எடுக்கலை. பிள்ளை பிறந்ததும் சுகர் போயிடுச்சு. விட்டுடலாமா?

போய்விட்டதா என்பதை உறுதிசெய்ய, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் அந்த இனிப்பு நீர்ப் பரிசோதனையை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். பால் கொடுப்பதிலும் தூக்கமின்மையிலும் அந்தச் சந்திப்பைத் தவறவிடும் தாய்மார்கள் ஏராளம். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் என்பதால், அந்த ஒரு முறையோடும் நிறுத்தக் கூடாது. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நச்சுக்கொடி வெளியேறிய பிறகு சாதாரணக் கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் ஜிசிகே திரிபு நச்சுக்கொடியோடு போகாது. கர்ப்பத்துக்கு முன் இருந்த அதே இடத்தில் நிற்கும். எனவே பிரசவத்துக்குப் பின் எடுத்த தாளிலும் வெறும் வயிற்று அளவு 5.5-க்கு மேலேயே இருந்தால், தொடக்கத்தில் பத்திரப்படுத்தச் சொன்ன பழைய தாளையும் குடும்ப வரைபடத்தையும் அதனோடு சேர்த்து எடுத்துச் சென்று, "எனக்கு ஒற்றை மரபணு நீரிழிவாக இருக்குமா, நீரிழிவுச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள்.